கூடாரம் அல்ல, நூல்: ஆலைச் சிறுமி அனி கெனியின் கதை

பழைய பிரித்தானியக் குடிசன மதிப்பீட்டுத் தாள்களை நான் முதலில் பார்த்தது ஊடகக் கற்கை படித்த காலத்தில். பெண்களின் வாக்குரிமைப் போராட்டத்தைப் பத்திரிகைகள் எப்படி எழுதின என்று ஓர் ஆய்வு செய்யவேண்டியிருந்தது. லங்காஷயர் ஆலை நகரங்களின் தெருக்கள், வீடு வீடாக, சாய்ந்த கையெழுத்தில். தொழில் நிரலில் ‘கொட்.’ என்று பாதியில் நின்ற ஒரு சொல், பக்கத்தில் ‘ரென்டர்’. கூடாரம் தைக்கிற ஆட்கள் என்றுதான் நினைத்தேன். செட்டிகுளத்தில் தறப்பாளுக்குக் கீழே கிடந்து வந்தவளுக்கு வேறென்ன தோன்றும்?

‘கொட்.’ என்றால் கொட்டன், பருத்தி. ‘ரென்டர்’ இயந்திரத்தோடு நின்று அதைப் பார்த்துக்கொள்பவர். ‘பீசர்’ அறுந்த இழையைப் பிடித்து மறுபடி இணைப்பவர். ‘டொஃபர்’ நூல் நிரம்பிய கட்டைகளைக் கழற்றி வெறுங்கட்டைகளை மாட்டுபவர். ‘எச்.எல்.டபிள்யூ’ கைத்தறி நெசவாளர், ‘எஃப்.டபிள்யூ.கே’ சட்டகத்தில் காலுறை பின்னுபவர். அடுத்த வரியிலும் அதே தொழில் என்றால் ‘டோ’ என்று இரண்டெழுத்து, அவ்வளவுதான். பிறகு அலுவலகத்தில் தொகை கூட்டிய எழுதுவினைஞர்கள் இந்தச் சொற்களுக்கு மேலேயே பென்சிலால் கோடு கீறிவிட்டார்கள். அவர்களுக்குத் தேவைப்பட்டது எண்ணிக்கை மட்டுந்தானே.

இந்த அரைச் சொற்களுக்குள் இருந்து வெளியே வந்து நின்ற பெண்தான் அனி கெனி.

1879 செப்டெம்பர் 13இல் ஒல்ட்ஹாமுக்கு அருகே ஸ்பிரிங்ஹெட்டில், பிள்ளைகள் நிறைந்த ஓர் ஆலைத் தொழிலாளர் குடும்பத்தில் பிறந்தார். பத்து வயதில் ‘அரைநேரக்காரி’. அப்படியொரு முறை அப்போது சட்டப்படியே இருந்தது: அரைநாள் ஆலை, அரைநாள் பள்ளிக்கூடம். காலை ஆறு மணிக்கு ஆலையில் நிற்கவேண்டும். பின்னேரம் வகுப்பில் அந்தப் பிள்ளை என்னத்தைப் படித்திருக்கும் என்று நீங்களே நினைத்துப் பாருங்கள். பதின்மூன்று வயதில் முழுநேரம், நாளுக்குப் பன்னிரண்டு மணித்தியாலம். கட்டைகளை மாட்டுவதும் அறுகிற பஞ்சிழையை இணைப்பதும் வேலை. ஓடும் கட்டை ஒன்று அவருடைய விரலொன்றைப் பிய்த்துக்கொண்டு போனது. பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் ஆலையில் நின்றார், தொழிற்சங்கத்திலும் சேர்ந்தார்.

1905 தொடக்கத்தில் தாயார் இறந்தார். அதே ஆண்டில் ஒரு கூட்டத்தில் கிறிஸ்டபெல் பாங்க்ஹர்ஸ்ட் பேசக் கேட்டார். ஒக்டோபர் 13 அன்று இருவரும் மன்செஸ்டர் ஃப்ரீ ட்ரேட் மண்டபத்துக்குப் போய், லிபரல் கட்சியின் எட்வர்ட் கிறேயிடம், ஆட்சிக்கு வந்தால் பெண்களுக்கு வாக்குரிமை தருவீர்களா என்று கேட்டார்கள். பதில் வரவில்லை. திரும்பவும் கேட்டார்கள். இழுத்து வெளியே போட்டார்கள். தண்டப்பணம் கட்ட மறுத்ததால் அனிக்கு மூன்று நாள் சிறை. பெரிய வீட்டுப் பெண்கள் நிறைந்திருந்த அந்த இயக்கத்தின் முன்வரிசையில் ஆலையிலிருந்து வந்த ஒருவர் நின்றது அபூர்வம். ஆலைப் பெண் என்று காட்டுவதற்காகவே அவரை மேடையில் ஏற்றினார்களோ என்ற சந்தேகம் எனக்கு இருக்கிறது. ஆனால் 1912இல் கிறிஸ்டபெல் பாரிசுக்குத் தப்பிப்போனபோது லண்டனில் இயக்கத்தைக் கொண்டு நடத்தியவர் அனிதான். மாறுவேடத்தில் கடல் கடந்து போய் அறிவுறுத்தல் வாங்கி வந்தார். உண்ணாவிரதம், விடுதலை, உடம்பு தேறியதும் மறுபடி கைது: ‘பூனை எலிச் சட்டம்’ என்று மக்கள் பெயர் வைத்த 1913ஆம் ஆண்டுச் சட்டம் அவரைப் பல தடவை இப்படி அலைக்கழித்தது.

1911 ஏப்ரல் 2 இரவு குடிசன மதிப்பீடு. அந்த முறை படிவத்தைக் குடும்பத் தலைவரே நிரப்பவேண்டும். மணமான பெண்களிடம் எத்தனை பிள்ளை பிறந்தது, எத்தனை இறந்தது என்றும் கேட்டார்கள். வாக்கில்லாதவர்களை எண்ணமட்டும் ஏன் வருகிறீர்கள் என்று அனியின் இயக்கம் புறக்கணித்தது. லண்டனில் ஒரு சறுக்கல் அரங்கில் பெண்கள் விடியும்வரை விழித்திருந்தார்கள். எமிலி டேவிசன் நாடாளுமன்றக் கட்டடத்தின் அலுமாரி ஒன்றுக்குள் ஒளிந்தார். அவரைக் கண்டுபிடித்து, அந்த முகவரியிலேயே எண்ணிவிட்டார்கள்!

1918இல் வாக்கு வந்தது, முப்பது வயதுக்கு மேல், அதுவும் சொத்துத் தகுதியோடு. ஆலையில் நின்ற பெரும்பாலான குமர்ப்பிள்ளைகளுக்கு இல்லை. அவர்கள் 1928 வரை காத்திருந்தார்கள். மூன்று ஆண்டுகளில், 1931இல், இலங்கைப் பெண்களும் வாக்களித்தார்கள். யாழ்ப்பாணத்தில்தான் அந்தத் தேர்தலைப் புறக்கணித்தோம்.

அனி 1920இல் மணம் முடித்து, ஒரு மகனைப் பெற்று, லெச்வேர்த்தில் அமைதியாக வாழ்ந்து 1953 ஜூலை 9இல் இறந்தார். 2018இல் ஒல்ட்ஹாமில் சிலை வைத்தார்கள். அவருடைய பிற்கால வாழ்வைத் தாள்களில் தேடுவது கடினம். இங்கிலாந்தின் 1931 மதிப்பீட்டுத் தாள்கள் 1942இல் எரிந்துபோயின. 1941இல் யுத்தத்தால் மதிப்பீடே எடுக்கவில்லை. நாங்கள் 1991ஐ அப்படித்தான் இழந்தோம், 2001இலும் வடக்குக் கிழக்கில் முழுமையாக எண்ணவில்லை. இடையில், 1939இல், அங்கே ஒரு பதிவேடு எடுத்தார்கள். மணமான பெண்களில் பெரும்பாலானோருக்கு அதிலுள்ள தொழில், சம்பளமில்லாத வீட்டு வேலை.

முகாமில் எங்களைப் பதிந்தபோது அம்மாவின் தொழிலைக் கேட்டார்கள். இருபது வருசம் தையல், மெசினைப் புதுக்குடியிருப்பில் விட்டுவிட்டு வந்தேன் என்று அம்மா சொல்லத் தொடங்கினார். பதிந்தவர் அதற்கிடையில் அந்தக் கட்டத்தில் ஒரு கோடு கீறிவிட்டு என்னுடைய வயதைக் கேட்டார்.