கே. பி. சுந்தராம்பாள்: நாடகப் பாடகியா? கர்நாடக இசைக் கலைஞரா?

முருகன் பாடல் என்றதும் நம் வீடுகளில் முதலில் நினைவுக்கு வரும் குரல்களில் ஒன்று கொடுமுடி கோகிலம் கே. பி. சுந்தராம்பாள் அம்மையாருடையது. அவரை நாடகப் பாடகி என்பர் சிலர். அப்படிச் சொல்வது அவரைக் குறைப்பதாகும், அவர் கர்நாடக இசைக்கே உரியவர் என்பர் வேறு சிலர். பிள்ளைகளின் இசைப் போட்டிகளில் அவரது பாடலை எந்தப் பிரிவில் சேர்ப்பது என்ற கேள்வியும் இதிலிருந்தே எழுகின்றது. விடையை அவரது வாழ்க்கையிலேயே தேடுவோம்.

அம்மையார் 1908இல் காவிரிக் கரையிலுள்ள கொடுமுடியில் ஓர் ஏழைக் குடும்பத்தில் பிறந்தார். தாயார் பெயர் பாலாம்பாள். வறுமையால் சிறு வயதிலேயே ரயிலில் பாட நேர்ந்தது. அந்தக் குரலே அவரை நாடகக் கம்பனியில் கொண்டுபோய்ச் சேர்த்தது. கொட்டகையே அவருக்குப் பள்ளிக்கூடமாயிற்று.

அது ஒலிபெருக்கி இல்லாத காலம். கடைசியில் தரையில் அமர்ந்திருப்பவருக்கும் ஒவ்வொரு சொல்லும் விளங்க வேண்டும். ஆகவே உயர்ந்த சுருதியில், எழுத்துச் சிதையாமல் பாடினார்கள். கச்சேரியில் வித்துவான் ஒரு ராகத்தை ஆற அமர ஆலாபனை செய்வார். நாடக மேடையில் கதை காத்திருக்காது. அதே ராகத்தின் உருவத்தை ஒரு விருத்தத்துக்குள் காட்டிவிட வேண்டும். ராகம் ஒன்றுதான், வேலை வேறு.

இந்த வரலாற்றில் நம் நாட்டுக்கும் பங்குண்டு. 1926இல் கொழும்பு மேடையிலேதான் அவர் செங்கோட்டை எஸ். ஜி. கிட்டப்பாவுடன் இணைந்து நடித்தார். பின்னர் இருவரும் வாழ்க்கையிலும் இணைந்தனர். 1933இல் கிட்டப்பா இளம் வயதிலேயே காலமானார். இருபத்தைந்து வயதில் வெள்ளைச் சேலை உடுத்த அம்மையார், அதன்பின் எந்த ஆணுக்கும் ஜோடியாக நடிக்கவில்லை. கச்சேரிகள் செய்தார். 1935இல் வெளிவந்த 'பக்த நந்தனார்' படத்தில் நந்தனாராகத் தாமே நடித்தார். அதற்கு அவர் பெற்ற ஊதியம் ஒரு லட்சம் ரூபாய். அப்படத்தில் வேதியராக வந்தவர், பெரும் சங்கீத வித்துவான் மகாராஜபுரம் விசுவநாத ஐயர். இரு மரபும் ஒரே படத்தில் எதிரெதிரே நின்று பாடின.

1953இல் ஔவையாராகவும், 1964இல் 'பூம்புகார்' படத்தில் கவுந்தியடிகளாகவும் வந்தார். சென்னை சட்ட மேலவை உறுப்பினருமானார். 1969ஆம் ஆண்டின் 'துணைவன்' படத்துக்காகச் சிறந்த பின்னணிப் பாடகிக்கான தேசிய விருது கிடைத்தது. தம் வேடத்துக்குத் தாமே பாடியவருக்குப் பின்னணிப் பாடகி என்ற பெயரில் விருது! அங்கும் அவருக்குப் பொருத்தமான பிரிவு இருக்கவில்லை. 1970இல் பத்மஸ்ரீ பெற்ற அவர் 1980இல் மறைந்தார்.

எங்கள் கருத்தில் அம்மையார் நாடகப் பாடகியே. அது குறைவான பெயரன்று. நாடகக்காரரைக் கூத்தாடிகள் என்று தள்ளிவைத்த சமூகமே அந்தப் பெயருக்கு இழிவைச் சேர்த்தது. அந்த இழிவை ஏற்றுக்கொண்டு, அவரை வேறு பிரிவுக்கு மாற்றித்தான் மதிக்க வேண்டுமா? நம் பிள்ளை அவர் பாடலைப் பாடும்போது சுருதி சேர்ந்ததா, ராகம் துலங்கியதா, தமிழ் தெளிவாகக் கேட்டதா என்று பார்ப்போம். கடைசி வரிசைக்கும் சொல் போய்ச் சேர்ந்தால், அம்மையாரின் வழி தப்பவில்லை என்று கொள்ளலாம்.