உருகும் நீரை அளந்த மனிதர்

இரவில் கேமரன் மலையிலிருந்து இறங்கும் காய்கறி லாரிகளையும், தானா ராத்தா கடைகளில் ஸ்ட்ராபெரி அடுக்கிய கண்ணாடிக் குளிர்ப்பெட்டிகளையும் பார்த்து வளர்ந்த நமக்குக் குளிர் என்பது சுவிட்சைத் தட்டினால் வருவது. மின்சாரமும் கம்ப்ரசரும் இல்லாத காலத்தில், அமெரிக்காவின் ஏரிகளில் உறைந்த பனிக்கட்டியைக் கப்பலேற்றிச் சென்னைவரை கொண்டுவந்து விற்ற ஒருவர் இருந்தார். அவர் பெயர் பிரெடரிக் டியூடர். பனிக்கட்டி மன்னர் என்பது அவருடைய பட்டப்பெயர்.

டியூடர் 1783 செப்டம்பர் 4-ஆம் நாள் பாஸ்டன் நகரில் பிறந்தார். தந்தை பேர்பெற்ற வழக்கறிஞர். சகோதரர்கள் ஹார்வர்டில் படித்தார்கள். இவரோ 13 வயதில் பள்ளியை விட்டுவிட்டு வியாபாரத்தில் இறங்கினார். அந்த ஊரில் குளிர்காலத்தில் குளங்கள் உறையும். கட்டிகளை வெட்டி நிலவறையில் சேமித்து, கோடையில் எடுத்துப் பயன்படுத்துவது வசதியான வீடுகளின் வழக்கம். செலவில்லாமல் கிடைக்கும் இந்தப் பொருளை வெயில் நாடுகளுக்கு அனுப்பினால் என்ன என்று அவருக்குத் தோன்றியது.

1806-இல் சுமார் 130 டன் பனிக்கட்டியுடன் கரீபியன் கடலிலுள்ள மார்த்தினிக் தீவுக்குக் கிளம்பினார். இந்தச் சரக்கை ஏற்ற எந்தக் கப்பல்காரரும் முன்வராததால் சொந்தமாகவே ஒரு கப்பலை வாங்க வேண்டியிருந்தது. ஊர்ப் பத்திரிகை கேலி செய்தது. ஆனால் கட்டி கரையாமல் பெருமளவு போய்ச் சேர்ந்தது. சிக்கல் அதற்குப் பிறகுதான் வந்தது. கரையில் அதை வைக்கக் கிடங்கு இல்லை. வாங்கிய மக்களுக்கோ அதை எப்படிப் பாதுகாப்பது என்று தெரியவில்லை. துறைமுகத்திலேயே சரக்கு தண்ணீராகியது. ஆயிரக்கணக்கான டாலர் நட்டம். அடுத்த சில ஆண்டுகளில் கடன் கழுத்தை நெரித்து, 1812-இலும் 1813-இலும் சிறைக்கும் போய் வந்தார்.

குளிரை ஓர் ஊருக்குக் கொண்டுபோவது வேறு, அங்கே அதைக் காப்பது வேறு என்பதை டியூடர் இப்படிப் பணத்தைத் தொலைத்துத்தான் புரிந்துகொண்டார். என் கண்ணுக்கு அவருடைய வாழ்க்கையில் மிகச் சுவையான பகுதி கப்பல் பயணங்கள் அல்ல, கியூபாவின் ஹவானாவில் அவர் கட்டிய கிடங்குதான். வழக்கம்போல் நிலத்தடியில் தோண்டாமல் தரைக்கு மேலே இரட்டைச் சுவர் வைத்துக் கட்டினார். பிறகு கையில் கடிகாரத்துடன் அருகில் நின்று, மணிக்கு எவ்வளவு நீர் உருகி வடிகிறது என்று அளந்தார். வைக்கோல், மரச்சீவல், கம்பளி என்று ஒவ்வொன்றாக மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தார். பள்ளியைப் பாதியில் விட்டவர் செய்த அறிவியல் சோதனை இது!

பின்னாளில் அவர் பெரிதும் நம்பியது மரத்தூளை. அறுவை ஆலைகள் வேண்டாம் என்று கொட்டிய கழிவு அது. தூளுக்கு இடையே சிக்கிக்கொண்ட காற்று வெப்பத்தை எளிதில் உள்ளே விடாது. ஆனால் நனைந்துவிட்டால் அந்தப் பயன் போய்விடும். ஆகவே உருகிய நீர் தேங்காமல் வடிய வழி வேண்டும்; கப்பலின் அடித்தளத்தில் சேரும் நீரையும் விடாமல் இறைக்க வேண்டும். இன்றைய குளிர் அறைகளிலும் நிலைமை இதுதான். வடிகுழாய் அடைத்துக்கொண்டால் நீர் தேங்கி உறைகிறது. சுவர்ப் பலகைக்குள் ஈரம் புகுந்தால் வெப்பம் உள்ளே கசிகிறது. கதவோரத்து ரப்பர் பட்டை கிழிந்தாலோ, சாமான் இறக்கும் நேரமெல்லாம் கதவைத் திறந்தே வைத்தாலோ, உள்ளே வரும் ஈரக்காற்று குளிர்ச்சுருளில் பனியாகப் படிகிறது. பனி தடித்த சுருள் வெப்பத்தைச் சரியாக வாங்காது. கம்ப்ரசர் ஓய்வின்றி ஓடும், மின் கட்டணம் ஏறும், கடைசியில் கெட்டுப்போவது தோட்டக்காரர் வியர்வை சிந்தி விளைவித்த காய்கறி.

1825-இல் நத்தானியல் வையத் என்பவர் டியூடருக்காகக் குதிரை இழுக்கும் பனி வெட்டும் கலப்பையை உருவாக்கினார். கட்டிகள் ஒரே அளவில் கிடைத்ததால் இடைவெளியில்லாமல் அடுக்க முடிந்தது, உருகுவதும் குறைந்தது. ஆனால் இந்த அடுக்கும் முறையைக் காய்கறிக்குப் பின்பற்றினால் ஆபத்து. பறித்த பிறகும் காயும் பழமும் சுவாசிக்கின்றன, வெப்பத்தை வெளியிடுகின்றன. பெட்டிகளுக்கு இடையே குளிர்காற்று ஓட இடம் விடாவிட்டால் நடுவில் இருப்பவை வெந்துபோகும். டியூடரும் 1816-இல் கியூபாப் பழங்களைப் பனிக்கட்டியோடும் வைக்கோலோடும் நியூயார்க்குக்கு அனுப்பிப் பார்த்தார். ஏறக்குறைய எல்லாமே அழுகிவிட்டன.

1833-இல் அவர் பெரிய சூதாட்டம் ஆடினார். 180 டன் பனிக்கட்டியுடன் டஸ்கனி என்ற கப்பல் கல்கத்தாவுக்குப் புறப்பட்டது. நான்கு மாதப் பயணம். நிலநடுக்கோட்டை இரண்டு முறை கடக்க வேண்டும். ஏறத்தாழ 100 டன் மிஞ்சியது. சுங்க அதிகாரிகள் வரியை நீக்கியதோடு, வெயில் தாழ்ந்த பிறகு இரவில் சரக்கை இறக்கவும் அனுமதித்தார்கள். சூடான நேரத்தில் கதவைத் திறக்காதே என்ற விதியை அன்றே கடைப்பிடித்திருக்கிறார்கள்!

கல்கத்தா வெற்றி அவரைக் காப்பாற்றியது. காப்பி ஊக வாணிபத்தில் இரண்டு லட்சம் டாலருக்கும் மேல் இழந்தவர், அந்தக் கடனைப் பனிக்கட்டி விற்றே பல ஆண்டுகளில் அடைத்தார். 1842-இல் சென்னைக் கடற்கரையில் அவருடைய பனிக்கட்டிக் கிடங்கு எழுந்தது. அப்போது அங்கே துறைமுகம் கிடையாது. கப்பல்கள் கடலில் தள்ளி நிற்க, படகுகள் அலைகளைத் தாண்டிச் சரக்கைக் கரை சேர்க்கும். அந்தக் குளிர்ச்சி பெரும்பாலும் ஆங்கிலேயர் வீடுகளுக்கே போனது என்பதையும் சொல்லியாக வேண்டும். நம் பக்கம் சிங்கப்பூரில் வாம்போவா என அறியப்பட்ட ஹூ ஆ கே 1854-இல் அமெரிக்கப் பனிக்கட்டியை இறக்குமதி செய்தார். வாங்குவோர் போதவில்லை, வியாபாரம் நீடிக்கவில்லை.

டியூடர் 1864 பிப்ரவரியில் பாஸ்டனில் காலமானார். பத்தே ஆண்டுகளில், 1874-இல், சென்னையில் இயந்திரத்தால் பனிக்கட்டி செய்யும் நிறுவனம் தொடங்கியது. கடல் கடந்து வந்த கட்டிக்கு வேலையில்லாமல் போயிற்று. ஆனால் அந்தக் காலத்தின் அளவுகோல் ஒன்று போகவில்லை. பெரிய குளிர்பதன இயந்திரங்களின் திறனை இன்றும் டன் கணக்கில் சொல்கிறார்கள். அது இயந்திரத்தின் எடை அல்ல. 2,000 பவுண்டு, அதாவது சுமார் 907 கிலோ பனிக்கட்டி 24 மணி நேரத்தில் உருகும்போது இழுத்துக்கொள்ளும் வெப்பமே ஒரு டன். கிலோவாட்டில் சொன்னால் ஏறக்குறைய 3.5.

சென்னைக் கிடங்கு பிறகு கைமாறி வழக்கறிஞர் பிலிகிரி ஐயங்காரின் வீடானது. 1897-இல் சுவாமி விவேகானந்தர் அங்கே தங்கினார். மெரினா எதிரே விவேகானந்தர் இல்லம் என்ற பெயரில் கட்டடம் இன்றும் நிற்கிறது. சுற்றியுள்ள பகுதியை மட்டும் சென்னைக்காரர்கள் இன்னமும் ஐஸ் ஹவுஸ் என்றே சொல்கிறார்கள்.