சிரிப்பைத் தாமே எழுதிய கலைவாணர்

என்.எஸ்.கிருஷ்ணனை நகைச்சுவை நடிகராக நினைவுகூரும் பலர், அவர் தமது நகைச்சுவைப் பகுதிகளைத் தாமே எழுதி, தாமே நெறிப்படுத்தியவர் என்பதை மறந்துவிடுகின்றனர்.

1908 நவம்பர் 29 ஆம் திகதி நாகர்கோவிலை அடுத்த ஒழுகினசேரியில் வறிய குடும்பமொன்றில் பிறந்தார். நாடகக் கொட்டகையிலே தின்பண்டம் விற்ற சிறுவன் பின்னர் வில்லுப்பாட்டும் பயின்று, ரி.கே.எஸ். சகோதரர்களின் நாடகக் குழுவில் இணைந்தான். அக்குழுவின் 'மேனகா' 1935 இல் திரைக்கு வந்தபோது கிருஷ்ணனும் உடன் வந்தார். அடுத்த ஆண்டு எல்லிஸ் ஆர். டங்கனின் 'சதிலீலாவதி' வெளியாயிற்று. கதாநாயகன் இலங்கைக்குத் தப்பிவந்து தேயிலைத் தோட்டத்தில் கூலியாக உழைக்கும் கதை அது என்பது எமது வாசகர்களுக்குச் சுவையான செய்தியாகலாம்.

அக்காலத் திரைப்படங்களிலே கதை ஒருவருடையது, சிரிப்பு இன்னொருவருடையது. கிருஷ்ணன் தமது துணைவியார் ரி.ஏ.மதுரத்துடனும் தமது குழுவினருடனும் நகைச்சுவைப் பகுதியைத் தனியே உருவாக்கி அளிப்பார். மூலக் கதையோடு ஒட்டாமலே அது ஓடும். கலை நோக்கில் இது குறையே. எனினும், முதலாளியின் கதை பழைமை பேசிய படத்திலும் மூடநம்பிக்கையையும் சாதிச் செருக்கையும் எள்ளி நகையாடும் சுதந்திரத்தை அவருக்கு அளித்தது இந்த ஏற்பாடுதான்.

1944 நவம்பரில் சென்னையில் பத்திரிகையாளர் லட்சுமிகாந்தன் கொலையுண்டார். அவ்வழக்கில் தியாகராஜ பாகவதருடன் கிருஷ்ணனும் கைதாகி ஆயுள் தண்டனை பெற்றார். இலண்டன் பிரிவிக் கவுன்சில் வரை சென்ற வழக்கு மீள விசாரிக்கப்பட்டு, 1947 இல் இருவரும் விடுதலையாயினர். சிறைக்காலத்தில் மதுரம் அம்மையார் எஸ்.வி.சகஸ்ரநாமத்தின் துணையுடன் நாடகசபை நடத்தினார். விதவை மறுமணத்தைப் பேசிய அச்சபையின் 'பைத்தியக்காரன்' திரைப்படமானபோது, விடுதலையான கிருஷ்ணனும் அதில் தோன்றினார். பாகவதரின் திரைவாழ்வு சிறையோடு சரிந்தது. கிருஷ்ணனோ முன்னிலும் துணிவாகத் திரும்பினார்.

அத்துணிவின் உச்சம் 1949 இல் அண்ணாதுரையின் எழுத்தில் அவர் தயாரித்த 'நல்லதம்பி'. அதில் இடம்பெற்ற கிந்தனார் காலட்சேபம், நந்தனார் கதையின் வடிவத்தை எடுத்துக்கொண்டு, தாழ்த்தப்பட்ட சிறுவன் கோயிலுக்குப் பதில் பள்ளிக்கூடத்தைத் தேடிச் செல்வதைப் பாடியது. பக்தர் மனத்தைப் புண்படுத்தாமல் சாதியின் மனச்சாட்சியைத் தொட்ட இந்த ஒரு படைப்புப் போதும், அவரை எழுத்தாளர் வரிசையில் வைப்பதற்கு.

'மணமகள்' (1951), 'பணம்' (1952) ஆகியவற்றை அவர் முழுமையாக இயக்கினார். இரண்டுக்கும் எழுத்து மு.கருணாநிதி. பிந்தியது சிவாஜி கணேசனின் தொடக்க காலப் படங்களில் ஒன்று. எனினும் கிந்தனாரின் கூர்மை இவற்றில் இல்லை என்பதே எமது கருத்து.

ஈட்டியதையெல்லாம் வாரி வழங்கிய கலைவாணர், 1957 ஓகஸ்ட் 30 ஆம் திகதி 48 ஆவது வயதில், கையில் பெரும் பொருளின்றி மறைந்தார். சென்னையில் அவரது சிலையை 1969 ஜனவரியில், கடும் நோயுற்றிருந்த முதலமைச்சர் அண்ணாதுரை வந்து திறந்துவைத்தார். அடுத்த மாதம் அவரும் காலமானார்.