ஜான் பிரௌன்

அமெரிக்க ஐக்கிய நாடுகளுள் மிகச் சிறியது ரோட் ஐலண்டு. அஃது ஆங்கிலேயரின் குடியேற்ற நாடாக இருந்த காலத்தில், பிராவிடன்ஸ் என்னும் துறைமுகப் பட்டினத்தில் 1736ஆம் ஆண்டு ஜான் பிரௌன் பிறந்தார். மூன்று வயதில் தந்தையாரை இழந்த அவர், சிறிய தந்தையார் ஒபதையாவிடம் வாணிகம் பயின்றார்.

நிக்கோலஸ், ஜோசப், ஜான், மோசஸ் என உடன்பிறந்தார் நால்வர். அவர்கள் திமிங்கிலக் கொழுப்பால் மெழுகுவத்தி வார்த்தனர், இரும்பு உருக்கினர், கடல்கடந்து கலஞ்செலுத்தினர். நால்வருள் துணிவும் பொருள்வேட்கையும் மிக்கவர் ஜானே.

1764ஆம் ஆண்டில் ரோட் ஐலண்டுக் கல்லூரிக்கு அரசுப் பட்டயம் கிடைத்தது. அவ்வாண்டிலேயே இந்நால்வரும் ‘சாலி’ என்னும் கலத்தை ஆப்பிரிக்கக் கரைக்கு அடிமை வாணிகத்தின்பொருட்டு விடுத்தனர். அக்கலத்தார் கைக்கொண்ட 196 பேருள் 109 பேர் மாண்டனர். நினைக்கவும் நெஞ்சு நடுங்கும் செய்தி இது!

வாரன் என்னும் ஊரில் தொடங்கிய கல்லூரியை, நியூபோர்ட் நகரத்தாரோடு போட்டியிட்டு, பிரௌன் உடன்பிறந்தார் தம் நகருக்குக் கொணர்ந்தனர். 1770இல் அதன் பெருங்கட்டடத்திற்கு அடிக்கல் நாட்டியவர் ஜான். அடிமைகளின் உழைப்பும் அச்சுவர்களில் கலந்திருந்தது. பின்னர் ஏறத்தாழ இருபதாண்டுகள் அவர் கல்லூரியின் பொருளாளராய் விளங்கினார். 1772இல் ஆங்கில அரசின் சுங்கக் காவற்கப்பலாகிய ‘காஸ்பி’யை எரித்தோர்க்குத் தலைமை பூண்டவரும் அவரே. தம் உரிமைக்குத் தீயும் மூட்டத் துணிந்தவர், பிறர் உரிமையை விலைபேசக் கூசினாரல்லர்.

1773இல் மனைவியை இழந்த தம்பி மோசஸ் உளம் மாறினார். தம் அடிமைகளை விடுவித்துக் குவேக்கர் நெறியைத் தழுவினார். உடன்பிறந்தார் வழக்கென்றால் வரப்புத் தகராறே நம் நினைவிற்கு வரும்; இவ்விருவரோ மனிதரை விற்கலாமா என்பதுபற்றி ஆண்டுக்கணக்கில் வாதிட்டனர். அடிமை வாணிகத்தைக் கட்டுப்படுத்தும் சட்டம் 1794இல் பிறந்தது. மோசஸ் பலகால் எடுத்துரைத்தும் ஜான் செவிசாய்த்திலர். மோசஸ் முன்னின்று வளர்த்த அடிமை ஒழிப்புக் கழகமே வழக்குத் தொடுக்க, 1797இல் ஜானின் ‘ஹோப்’ என்னும் கலம் பறிமுதலாயிற்று. எனினும் அவர் காங்கிரசு அவையின் உறுப்பினராகி, 1800இல் அச்சட்டத்தை வலுப்படுத்துவதை அங்கும் எதிர்த்தார்.

ஜான் 1803இல் மறைந்தார். மறு ஆண்டு, அவருடைய தமையனார் மகன் நிக்கோலஸ் 5,000 டாலர் வழங்க, கல்லூரி பிரௌன் என்னும் பெயர் பெற்றது. அடிமைகளின் வழித்தோன்றலாகிய ரூத் சிம்மன்ஸ் அம்மையார் அப்பல்கலைக்கழகத்தின் தலைவராய் இருந்தபோது, 2003இல், இப்பழைய கணக்கை ஆராய ஒரு குழு அமைத்தார். அதன் அறிக்கை 2006இல் வெளிவந்தது. ஜான் அடிக்கல் நாட்டிய கட்டடத்தின் அருகே 2014இல் ஒரு நினைவுச்சின்னம் எழுந்தது. மண்ணிற் பாதி புதைந்த இரும்புத் திரளினின்று தடித்த சங்கிலி ஒன்று மேலெழுந்து, இடையே அறுந்து நிற்கிறது. அறுந்த வாய் கண்ணாடிபோல் மெருகிடப்பட்டு வானத்தைக் காட்டுகிறது.