வெடிப்பை வெப்பத்தால் அளந்தவர்

அணுகுண்டின் வலிமை கிலோ டன்னில் சொல்லப்படுகிறது. பிஸ்கட் உறையின் மீது கலோரி அச்சிடப்படுகிறது. ஒன்று அழிவின் கணக்கு. மற்றொன்று உணவின் கணக்கு. ஆயினும், இரண்டும் அளப்பது ஆற்றலைத்தான். ஒன்றை மற்றொன்றாக மாற்ற ஒரு பெருக்கல் போதும். அந்தப் பெருக்கலுக்கு அடித்தளமிட்டவர்களுள் முதன்மையானவர் பிரான்ஸ் நாட்டு வேதியியல் அறிஞர் மார்செலின் பெர்தெலோ.

1827 அக்டோபர் 25 அன்று பாரிஸில் ஒரு மருத்துவரின் மகனாகப் பிறந்தார் பெர்தெலோ. கரிமச் சேர்மங்களை உருவாக்க உயிராற்றல் தேவை என்ற நம்பிக்கை முற்றிலும் மறையாத காலம் அது. ஆல்கஹால், ஃபார்மிக் அமிலம், அசிட்டிலீன் ஆகியவற்றை ஆய்வகத்திலேயே உருவாக்கிக் காட்டி, அந்த நம்பிக்கையின் வேரை அசைத்தார். பின்னர், வேதிவினைகளின்போது வெளிப்படும் வெப்பத்தின் மீது அவரது கவனம் திரும்பியது. வெப்பம் உமிழ் வினை, வெப்பம் கொள் வினை என்று இன்று பள்ளி மாணவர்கள் படிக்கும் பாகுபாட்டுக்குப் பெயர் சூட்டியவரும் அவரே.

1870-இல் பிரஷியப் படைகள் பாரிஸை முற்றுகையிட்டன. நகரைக் காக்க அமைக்கப்பட்ட அறிவியல் குழுவுக்கு பெர்தெலோ தலைமையேற்றார். வெடிமருந்து தயாரிப்பது அதுவரை பெரிதும் அனுபவத்தைச் சார்ந்த தொழிலாக இருந்தது. எந்த மருந்து எவ்வளவு வலியது என்பதை வெடித்துப் பார்த்தே அறிந்தனர். பெர்தெலோ வேறு வழியை நாடினார். வெடிக்கும்போது வெளிப்படும் வெப்பம், உருவாகும் வாயுவின் அளவு, வினை நிகழும் வேகம் ஆகியவற்றைக் கொண்டு வலிமையைக் கணக்கிட முயன்றார். 1883-இல் வெளியான அவரது விரிவான நூல் இந்த ஆய்வுகளின் தொகுப்பாகும்.

குண்டு கலோரிமீட்டர் என்னும் கருவியும் அவர் தந்ததே. உறுதியான உலோகக் கலத்துக்குள் பொருளை வைத்து, அழுத்தமான ஆக்சிஜனை நிரப்பி, கலத்தை நீரில் அமிழ்த்தி, மின்சாரத்தால் பற்றவைப்பார்கள். நீரின் வெப்பநிலை எவ்வளவு உயர்ந்தது என்பதிலிருந்து ஆற்றல் தெரியும். ஒரு கிராம் நீரை ஒரு டிகிரி செல்சியஸ் சூடாக்கும் வெப்பமே ஒரு கலோரி. உணவின் கலோரிக் கணக்கும் இதே வகைக் கருவியிலிருந்து வளர்ந்ததுதான்.

இன்றைய உடன்பாட்டின்படி, ஒரு டன் டி.என்.டி. என்பது 100 கோடி கலோரி, அதாவது 418.4 கோடி ஜூல். உண்மையில் டி.என்.டி. வெளியிடும் வெப்பம், அளக்கும் முறைக்கேற்ப மாறுபடும். ஆகவே, ஒரு கிராமுக்கு 1,000 கலோரி என்று முழு எண்ணாக வகுத்துக்கொண்டார்கள்.

இந்தக் கணக்கு வியப்பான முடிவுகளைத் தருகிறது. ஒரு கிராம் சர்க்கரையில் சுமார் 4,000 கலோரி உண்டு, டி.என்.டி.யைப் போல நான்கு மடங்கு. ஹிரோஷிமாவில் வீசப்பட்ட குண்டின் ஆற்றல் சுமார் 15 கிலோ டன். அதாவது 15 லட்சம் கோடி கலோரி. கிலோவுக்கு 7,000 கிலோ கலோரி தரும் உயர்தர நிலக்கரியில் இது ஏறத்தாழ 2,140 டன்னுக்குச் சமம். அவ்வளவு நிலக்கரியை அனல் மின்நிலையங்கள் அன்றாடம் எரிக்கின்றன. எந்த நகரமும் அழிவதில்லை. ஆற்றல் ஒன்றே, வெளிப்படும் நேரம்தான் வேறு.

வேகத்தின் இந்தப் பங்கை பெர்தெலோ அறிந்திருந்தார். 1881 முதல் பால் வியேலுடன் இணைந்து வாயுக்களில் வெடிப்பு அலை பரவும் வேகத்தை அளந்தார். ஆனால், வேதியியலின் பிற துறைகளில் வெப்பத்தின் மீது அவர் வைத்த நம்பிக்கை எல்லை மீறியது. மிகுதியான வெப்பத்தை வெளியிடும் வினையே தானாக நிகழும் என்பது அவரது கோட்பாடு. சுற்றுப்புறத்தைக் குளிர்வித்தபடி உப்புகள் நீரில் தானாகவே கரைவது அதற்கு எதிரான எளிய சான்று. அக்கோட்பாட்டை மறுத்து பியேர் துஹெம் என்ற இளைஞர் 1884-இல் அளித்த ஆய்வேடு நிராகரிக்கப்பட்டது. துஹெமுக்குக் கடைசிவரை பாரிஸில் பேராசிரியர் பதவி கிடைக்கவில்லை. இதில் பெர்தெலோவின் செல்வாக்குக்குப் பங்குண்டு என்று வரலாற்றாசிரியர்கள் கருதுகின்றனர். அணுக்கொள்கையையும் அவர் நெடுங்காலம் ஏற்க மறுத்தார்.

அச்செல்வாக்கு பெரியது. அவர் கல்வி அமைச்சராகவும், வெளியுறவு அமைச்சராகவும், அறிவியல் கழகத்தின் நிரந்தரச் செயலாளராகவும் விளங்கினார். 1907 மார்ச் 18 அன்று மனைவி சோஃபி காலமானார். சிறிது நேரத்தில் பெர்தெலோவின் உயிரும் பிரிந்தது. தம்பதியரைப் பிரிக்க மனமின்றி, நாட்டின் பெருமக்கள் துயிலும் பாந்தியோனில் இருவரையும் ஒன்றாக அடக்கம் செய்தனர். அங்கு இடம்பெற்ற முதல் பெண்மணி சோஃபியே.

பொருளியலில் விலை என்பது பல பண்டங்களை ஒரே எண்ணில் ஒப்பிட உதவும் அளவுகோல். குடிநீரையும் மதுவையும் அது ஒரே வரிசையில் நிறுத்தும். அவற்றால் விளைவது என்ன என்பதை அது சொல்லாது. ஆற்றல் அலகுகளும் அத்தகையவையே. அளவிட முடிந்ததையே முழு உண்மையாகக் கொள்ளும் பிழைக்கு, அளவீட்டில் தேர்ந்த பெர்தெலோவே ஆளானார். கிலோ டன் கணக்கில் ஆயுத வலிமையைச் செய்திகளில் படிக்கும்போது, அந்த எண் வெப்பத்தை மட்டுமே சொல்கிறது என்பதை நாம் மறத்தலாகாது. அந்த வெப்பம் எத்தனை நொடியில், யார் மீது இறங்குகிறது என்பதை எந்த வாய்பாடும் சொல்வதில்லை.