அருவியைத் துணியில் நிறுத்தியவர் பிரடெரிக் சர்ச்

மலை நிற்கும், மரம் நிற்கும், அருவி நிற்காது. அதனால்தான் அருவியைத் தீட்டுவது எந்த ஓவியருக்கும் கடினமான வேலை. அந்த நிற்காத நீரை எண்ணெய் வண்ணத்தில் பிடித்துக் காட்டிப் புகழின் உச்சிக்குச் சென்றவர் அமெரிக்க ஓவியர் பிரடெரிக் எட்வின் சர்ச்.

1826 மே 4-ஆம் நாள் கனெக்டிகட் மாநிலத்தின் ஹார்ட்போர்ட் நகரில், வசதியான வெள்ளிப்பொருள் வணிகரின் மகனாகப் பிறந்தார். 18 வயதில் நியூயார்க் மாநிலத்தின் கேட்ஸ்கில் ஊருக்குச் சென்று தோமஸ் கோலிடம் மாணவராகச் சேர்ந்தார். இங்கிலாந்தில் பிறந்து, பெரும்பாலும் தாமாகவே ஓவியம் கற்ற கோல், அவ்வட்டாரத்துக் காட்டர்ஸ்கில் அருவியைத் தீட்டிப் பெயர் பெற்றவர். இயற்கையின் பேருருவத்தின் முன் மனிதன் எவ்வளவு சிறியவன் என்ற வியப்பை ஊட்டுவதே அவர் பின்பற்றிய ரொமாண்டிக் பாணி.

ஆசிரியரும் மாணவரும் நோட்டுப் புத்தகத்துடன் மலையேறினர். பாறை, மரம், மேகம் ஆகியவற்றைப் பென்சிலால் வரைந்து, எந்த இடத்தில் என்ன நிறம் என்று அருகிலேயே குறித்துக்கொள்வது கோலின் வழக்கம். வீடு திரும்பிய பிறகே பெரிய துணியில் வண்ணம் ஏறும். 2 ஆண்டுகள் நீடித்த இந்தப் பயிற்சிதான் சர்ச்சின் வாழ்நாள் மூலதனம். 1848-இல் கோல் இறந்தபோது மாணவருக்கு வயது 21.

அறிவியலாளர் ஹம்போல்ட்டின் நூல்களால் ஈர்க்கப்பட்டு, 1853-இல் தென் அமெரிக்கா சென்றார் சர்ச். கொலம்பியாவின் தெக்கென்டாமா அருவியை நேரில் பார்த்து, மறு ஆண்டு ஓவியமாக்கினார்.

1856-இல் நயாகராவுக்கு ஒரு முறையல்ல, பல முறை சென்றார். வெவ்வேறு பருவங்களில், வெவ்வேறு இடங்களில் நின்று, பென்சிலாலும் எண்ணெய் வண்ணத்தாலும் சிறு சிறு மாதிரிகள் செய்தார். பிறகு சுமார் 230 சென்டிமீட்டர் அகலமும் 106 சென்டிமீட்டர் உயரமும் கொண்ட துணியில் இறுதி ஓவியத்தைத் தொடங்கினார்.

வழக்கமாக இயற்கைக் காட்சிகளில் பார்ப்பவர் நிற்பதற்கென முன்னால் கொஞ்சம் தரை இருக்கும். சர்ச் அந்தத் தரையை எடுத்துவிட்டார். ஓவியத்தின் முன் நிற்பவருக்குக் காலடியிலேயே நீர் பாய்வது போலிருக்கும். பச்சை நீர் விளிம்பில் மடிந்து வெண்மையாகிறது. சாரலில் வானவில் துண்டு துண்டாகத் தெரிகிறது. தூரிகை பட்ட தடம் கண்ணுக்குப் படாதபடி வண்ணத்தை இழைத்திருந்தார்.

1857-இல் நியூயார்க்கில் 25 சென் கட்டணம் செலுத்தி மக்கள் வரிசையில் நின்று இந்த ஒரே ஓவியத்தைப் பார்த்தனர். அதே ஆண்டு அது லண்டனுக்கும் சென்றது. 1867 பாரிஸ் கண்காட்சியில் பதக்கம் பெற்றது.

புகழ் அவரைத் துயரத்திலிருந்து காக்கவில்லை. 1865 மார்ச்சில் தொண்டை அடைப்பான் நோய், மகன் ஹெர்பர்ட்டையும் மகள் எம்மாவையும் சில நாள் இடைவெளியில் பறித்தது. மனைவி இசபெல்லுடன் ஜமைக்கா தீவுக்குச் சென்ற சர்ச், அங்கே மலைகளையும் செடிகொடிகளையும் வரைவதில் மூழ்கினார். பின்னர் அவர்களுக்கு மேலும் 4 பிள்ளைகள் பிறந்தனர்.

அடுத்த அடி கையில் விழுந்தது. 1870-களில் மூட்டுவாதம் வலக்கையை முடக்கத் தொடங்கியது. இளமையில் தூரிகை பிடிக்கக் கற்றவர், 50 வயதை ஒட்டி இடக்கையால் தீட்ட மீண்டும் கற்றார். பெரிய ஓவியங்கள் குறைந்தன. ஹட்சன் ஆற்றோரக் குன்றில் தாம் கட்டிய ஒலானா வீட்டையும் அதன் தோட்டங்களையும் ஓர் ஓவியம் போலவே அமைத்தார்.

1900 ஏப்ரல் 7-ஆம் நாள் அவர் இறந்தபோது, ஓவிய உலகின் ரசனை மாறியிருந்தது. பலர் அவரை மறந்தே போயிருந்தனர். 1960-களில்தான் அவர் பெயர் மீண்டும் எழுந்தது. இடிபடும் நிலைக்கு வந்த ஒலானாவை 1966-இல் நியூயார்க் மாநிலம் வாங்கிப் பாதுகாத்தது. நயாகரா ஓவியம் இன்று வாஷிங்டன் தேசிய ஓவியக் கூடத்தில் இருக்கிறது. வரைந்தவரின் கை ஓய்ந்து நூறாண்டுக்கு மேல் ஆகியும், அந்த நீர் இன்னும் விளிம்பைத் தாண்டி விழுந்துகொண்டிருக்கிறது.