குருமாரின் ஆசான் பிலிப் மெலாங்தன்

வரலாற்றுப் பாடத்தில் மார்ட்டின் லூதரின் பெயரைப் படிக்காத பழைய மாணவியர் எம்மில் இருக்கமாட்டார்கள். அவருக்குத் தோள்கொடுத்த பிலிப் மெலாங்தனை அறிந்தவர் சிலரே.

1497 இல் ஜேர்மனியின் பிரெற்றன் என்னும் ஊரிலே, படைக்கலம் செய்யும் கைவினைஞர் ஒருவரின் மகனாகப் பிறந்தார். பதினொரு வயதிலே தந்தையை இழந்தார். கைடல்பேர்க் பல்கலைக்கழகம் வயது போதாதென்று முதுமாணிப் பட்டத்தை மறுக்க, ரியூபிங்கன் சென்று அதனைப் பெற்றார். 1518 இல், 21 வயதில், விற்றன்பேர்க்கில் கிரேக்கப் பேராசிரியரானார். உரைக்கு உரை எழுதும் பழைய வழக்கை விட்டு, மூலநூல்களை மூலமொழியிலேயே கற்கவேண்டும் என்பதே அவருடைய முதல் விரிவுரையின் சாரம்.

சில ஆண்டுகளில் சோதனை வந்தது. தூய ஆவி போதிக்கையில் படிப்பு எதற்கு என்று சில பிரசங்கிமார் முழங்க, மாணவர் தொகை குறைந்தது. மெலாங்தன் கலங்கினார், ஆனால் கல்வியின் பக்கமே நின்றார். 1527 இல் சாக்சனிச் சபைகளைப் பார்வையிடச் சென்றபோது அவர் அச்சம் உண்மையாயிற்று. மக்களுக்குப் போதிக்கவேண்டிய குருமார் பலருக்கே அடிப்படைப் போதனை தெரிந்திருக்கவில்லை.

அடுத்த ஆண்டு வெளிவந்த வழிகாட்டியில் பாடசாலைப் பிள்ளைகளை மூன்று பிரிவாக வகுத்தார். கிரேக்கப் பேராசிரியரான அவரே, பிள்ளைகளுக்குச் சுமை கூடாதென்று லத்தீன் மட்டும் போதும் என்றார். எல்லாவற்றையும் ஒரேயடியாகத் திணிக்கும் இக்காலத்தவர் இதைக் கவனிப்பது நல்லது! பல்கலைக்கழகத்திலோ சொற்பொழிவுப் பயிற்சியைப் புகுத்தினார். கைவிடப்பட்டிருந்த வாதப் பயிற்சியை 1533 ஆம் ஆண்டின் விதிகளில் மீட்டார். 1535 முதல் குருத்துவ அபிஷேகம் நாடி விற்றன்பேர்க் வந்தோர் முதலிற் பரீட்சிக்கப்பட்டனர். அதற்கென அவர் எழுதிய கைநூல் 1552 இல் வெளிவந்தது.

இத்தனை குருமாரை உருவாக்கியவர் தாம் குருவாகவில்லை. இறையியற் கலாநிதிப் பட்டமும் பெறவில்லை. ஜேர்மன் மொழிப் பிரசங்கம் விளங்காத வெளிநாட்டு மாணவருக்காக ஞாயிறுதோறும் லத்தீனில் விரிவுரை செய்தார்.

பெண்கள் கல்லூரியிற் படித்த நாம் ஒன்றைச் சொல்லாமல் விடமுடியாது. அவர் சீர்செய்த பல்கலைக்கழகத்திற் பெண்களுக்கு இடமிருக்கவில்லை. லத்தீன் அறிந்த மூத்த மகள் அன்னாவைப் பதினான்கு வயதிலே தம் மாணவர் ஒருவருக்கு மணமுடித்துக் கொடுத்தார். அவ்வாழ்வு இனிக்கவில்லை. 1547 இல், இருபத்தைந்து நிறையுமுன்னே, அன்னா தூரதேசத்தில் இறந்தார். அந்தத் துயரோடும் தந்தை மேலும் பதின்மூன்று ஆண்டுகள் கற்பித்தார். 1560 ஏப்ரல் 19 இல் காலமாகி, லூதரின் அருகே அடக்கம் செய்யப்பட்டார்.